குழி தோண்டிய பிறகே தண்ணீர்: கீழ்பவானி ஆயக்கட்டு மண்ணில் நான் கற்றவை

வாய்க்காலுக்குக் கீழே இருக்கிறது என்பதற்காகவே ஒரு நிலம் பாசனத்துக்கு ஏற்றதாகிவிடாது. கீழ்பவானி ஆயக்கட்டில், அதாவது அந்த வாய்க்கால் நீர் பாயும் பரப்பில், எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பயிர் செய்துவரும் நிலம் ஓடையை நோக்கிச் சரிந்து செல்கிறது. மேல்கோடியில் சரளை கலந்த செம்மண், நடுவில் ஆழமான செம்மண், ஓடையை ஒட்டிய தாழ்வில் கருமண். மூன்றுக்கும் ஒரே மதகிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. ஒரே நாளில் தண்ணீர் கட்டினாலும், மேல்கோடியில் நான்காம் நாளே நிலக்கடலை வாடத் தொடங்கும். நடுவில் பயிர் நிமிர்ந்து நிற்கும். தாழ்வில் கால் வைத்தால் புதையும். மேல்மண்ணின் நிறத்தை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. மண்ணின் ஆழம், நீர் உள்ளே இறங்கும் வேகம், இறங்கிய நீரை வேருக்காகப் பிடித்து வைக்கும் திறன், மிஞ்சிய நீர் வெளியேறும் வழி ஆகிய நான்கையும் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது. பாசன நிலம் வாங்க நினைப்பவர்களும் பயிரை மாற்ற நினைப்பவர்களும் இந்த நான்கையும் பெரிய செலவில்லாமல் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பகுதியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பவானி ஆற்றை ஒட்டிய தாழ்நிலங்கள் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் போன்ற பழைய வாய்க்கால்களால் பல நூற்றாண்டுகளாக நெல் விளைந்த நஞ்சைகள்; காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு வந்த கீழ்பவானி வாய்க்கால், அந்தப் பழைய நஞ்சைகளுக்கு மேலே, மேட்டின் சரிவை ஒட்டிச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அதில் பெரும்பகுதி அதற்கு முன்பு கம்பும் சோளமும் விளைந்த மேட்டாங்காடு. ஆங்காங்கே கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என்று ஆயக்கட்டு பாதியாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து நஞ்சைக்கும், மறுபாதிக்கு அதன் பின் புஞ்சைக்கும் தண்ணீர் விடப்படுகிறது. அடுத்த ஆண்டு முறை மாறும். அணையில் இருக்கும் நீரைப் பங்கிடுவதற்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் எந்தக் காட்டு மண் நெல்லைத் தாங்கும், எது தாங்காது என்பதை மதகு எண் சொல்வதில்லை. அதை விவசாயிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பதற்கு முதல் வழி குழி. கோடையில் நிலம் காய்ந்திருக்கும்போது, இறங்கி நிற்கும் அகலத்தில், முடிந்தால் 1.5 மீட்டர் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். வெயில் நேராக விழும் பக்கச் சுவரைக் கத்தியால் செதுக்கிவிட்டால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். சரிவில் உள்ள நிலத்துக்கு ஒரு குழி போதாது. மேட்டில், நடுவில், தாழ்வில் என்று தனித்தனியாகத் தோண்ட வேண்டும். எங்கள் மேல்கோடிக் குழியில் முதல் 20 சென்டிமீட்டர் மணல் கலந்த செம்மண். அதற்குக் கீழே வெங்கச்சங்கல்லும் இரும்புச் சரளையும் நெருக்கமாகக் கிடந்தன. 45 சென்டிமீட்டருக்குக் கீழே கடப்பாரையால் குத்தினால் உதிரும் உளுத்த பாறை. அங்கே இருந்த பழைய பருத்திச் செடியின் ஆணிவேர் சரளையைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பி, முழங்கை போல மடங்கி ஓடியிருந்தது. அந்த ஒரு வேர் எனக்கு எந்த அறிக்கையைக் காட்டிலும் அதிகம் சொன்னது. நடுக்குழியில் 90 சென்டிமீட்டர் வரை ஒரே சீரான செம்மண், உள்ளே போகப் போகக் களி கூடிக்கொண்டே போனது. தாழ்வில் 60 சென்டிமீட்டர் கருமண். அதற்குக் கீழே சாம்பல் நிறமும் துருப்பிடித்தது போன்ற செம்புள்ளிகளும், சுண்ணாம்புக் கட்டிகளும். சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் சேர்ந்து தெரிந்தால், ஆண்டில் சில மாதங்களாவது அந்த அடுக்கில் நீர் தேங்கி, வேர் மூச்சு விட வழியில்லாமல் இருக்கிறது என்று பொருள். கோடையில் குழி முழுவதும் காய்ந்து கிடந்தாலும் அந்த அடையாளம் அழியாது. நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள சான்று வேறில்லை.

சரளையைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரியை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துவிட்டு, கீழே விழுந்ததை மட்டும்தான் ஆய்வு செய்கிறார்கள். சல்லடையில் தங்கிய கல் கணக்கில் வராது. எனவே மண் வள அட்டையில் நல்ல இருமண் (மணலும் களியும் அளவாகக் கலந்த மண்) என்று வந்தாலும், நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கல்லாக இருக்கலாம். கல் நீரைப் பிடித்து வைக்காது. மணல் கலந்த செம்மண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 45 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு கல்லைக் கழித்தால் மிஞ்சுவது 30. அதில் பாதி குறைவதற்குள் அடுத்த தண்ணீர் கட்டிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக, கையில் இருப்பது 15 மில்லிமீட்டர். வெயில் காலத்தில் பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடித்தால் அது மூன்று நாளைக்குத்தான் வரும். எங்கள் மேல்கோடியில் நான்காம் நாள் வாட்டம் தெரிவதற்குக் காரணம் இதுதான். கருமண்ணில் மீட்டருக்கு 200 மில்லிமீட்டர் வரை நிற்கும் என்பதால், 60 சென்டிமீட்டர் வேர் ஆழத்துக்குப் பாதியளவு 60 மில்லிமீட்டர். அதே பயிருக்குப் பன்னிரண்டு நாள். வாய்க்கால் முறை பத்து நாளுக்கு ஒரு தடவை வருகிறதென்றால், மேல்கோடியில் கிணற்றின் துணையில்லாமல் எதையும் காப்பாற்ற முடியாது. எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதோடு, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதையும் மண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

களி எவ்வளவு என்பதைக் கையாலேயே ஓரளவு அறியலாம். பிடி மண்ணில் கல்லைப் பொறுக்கிவிட்டு, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டையாகத் தள்ளுங்கள். 2.5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் களி குறைவு; 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒடியாமல் நீண்டால் அது களிமண். ஒவ்வோர் அடுக்குக்கும் தனியாகச் செய்து பாருங்கள். மேலே மணலும் கீழே களியும் இருக்கும் நிலம் ஒரு விதமாகவும், மேலே களியும் கீழே சரளையும் இருக்கும் நிலம் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்.

அடுத்தது நீர் இறங்கும் வேகம். இருபது லிட்டர் பெயின்ட் டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, மேலே மரக்கட்டையை வைத்து அடித்து 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும். முந்தின நாளே அந்த இடத்தை நனைத்து வைப்பது முக்கியம். காய்ந்த மண் தொடக்கத்தில் வேகமாகக் குடித்துக் கணக்கைக் கெடுத்துவிடும். உள்ளே நீர் ஊற்றி, அளவுகோலை நிறுத்தி, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒற்றை வளையத்தில் நீர் பக்கவாட்டிலும் கசியும் என்பதால் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். மண்வெட்டியால் அதைச் சுற்றி ஒரு சிறு பாத்தி கட்டி அதிலும் நீர் நிறுத்தினால் அந்தப் பிழை குறையும். பொதுவாகக் களிமண்ணில் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர், இருமண்ணில் 10 முதல் 20, மணல் கலந்த மண்ணில் 20-க்கு மேல் இறங்கும். மேல்கோடியில் 30-ஐத் தாண்டி இறங்கியதைப் பார்த்தபோது, அங்கே நீண்ட பாத்தியில் தண்ணீர் கட்டினால் ஏன் கடைசிவரை எட்டுவதில்லை என்பது விளங்கியது. பாத்தியின் நீளத்தைப் பாதியாகக் குறைத்த பிறகு அதே மடைத் தண்ணீர் அதிக இடத்துக்குப் பாய்ந்தது.

இந்த மண்ணில் நெல் நடுவது பற்றி எங்கள் பகுதியில் எப்போதும் பேச்சு உண்டு. தொளி உழவு (நீர் நிறுத்திச் சேறாக்கும் உழவு) செய்தால் மேல்மண்ணின் துளைகள் அடைபட்டு நீர் நிற்கும் என்பது உண்மை. ஆனால் களி குறைந்த சரளை நிலத்தில் அடைப்பதற்குக் களியே இருக்காது. நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் நீர் வேருக்குக் கீழே இறங்கினால்கூட, ஏக்கருக்கு 40,000 லிட்டர் தினமும் போய்க்கொண்டிருக்கும். நீரோடு சேர்ந்து தழைச்சத்தும் இறங்கிவிடுவதால், யூரியாவை ஒரே தடவையில் போடாமல் பல தவணைகளாகப் பிரித்துப் போட வேண்டியிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் மேட்டில் நெல் நடுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றிலும் நெல் வயல்களாக இருந்தால், அவற்றின் கசிவு நடுவில் இருக்கும் மஞ்சளையும் கடலையையும் அழுக வைத்துவிடும். மேலே இருப்பவர் நெல் நட்டால், விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, கீழே இருப்பவரும் நெல்தான் நட வேண்டியிருக்கிறது. ஆகவே பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது தன் குழியை மட்டும் பார்த்தால் போதாது. மேல்வரப்புக்காரர் என்ன பயிர் வைக்கிறார் என்பதும் உங்கள் மண்ணின் இயல்பில் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. நாங்கள் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, முறை தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசி, மேட்டு வரிசை முழுவதற்கும் புஞ்சைப் பயிர் என்று முடிவெடுத்த ஆண்டுகளில் அனைவருக்கும் நன்றாக இருந்தது. கசிந்த நீர் முற்றிலும் வீணாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது கிணறுகளில் ஊறுகிறது. ஓடைகளில் இறங்கிக் கீழே உள்ள நிலங்களுக்குப் போகிறது. வாய்க்காலுக்கு கான்கிரீட் தளம் போடுவது பற்றிக் கடைமடைக்காரர்களும் கிணற்றை நம்பியிருப்பவர்களும் எதிரெதிராக நிற்பதற்கு அடிப்படை இந்த மண்ணின் கசியும் தன்மைதான்.

தாழ்நிலத்துக்கு வருகிறேன். மேட்டில் இறங்கிய நீர் பாறையின் மேல் சரிந்து வந்து, களியில் முட்டி, தாழ்வில் மேலெழுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க, துளையிட்ட இரண்டங்குல பிவிசி குழாய் ஒன்றை 1.5 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, வாரத்துக்கு ஒரு தடவை குச்சி விட்டு அளந்தேன். தண்ணீர் திறந்த சில வாரங்களிலேயே நீர்மட்டம் ஒரு முழத்துக்குள் வந்துவிட்டது. மஞ்சளுக்கு அது போதும் கிழங்கு அழுகலை வரவழைக்க. எத்தனை மருந்து ஊற்றினாலும் நிற்காத அழுகல், கசிவை மறித்த பிறகு வெகுவாகக் குறைந்தது. மறிப்பதற்கு நாங்கள் செய்தது, தாழ்நிலத்தின் மேல் விளிம்பில் சரிவுக்குக் குறுக்காக ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள வடிகால் வெட்டியதுதான். நிலத்தின் நடுவில் வெட்டும் வடிகாலைவிட, கசிவு நுழையும் இடத்திலேயே குறுக்கே வெட்டும் வடிகால் பலமடங்கு பயன் தருகிறது. ஆனால் அது போய்ச் சேரும் ஓடை வடிகாலின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். புதர் மண்டி மேடேறிய ஓடையில் கொண்டுபோய் விட்டால் வடிகாலே குட்டையாகிவிடும். ஓடையைத் தூர்வாரப் பக்கத்து நிலக்காரர்களின் சம்மதம் தேவைப்படுவதால், கோடையிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

கசிவு நிற்கும் இடத்தில் அடுத்து வருவது களர். தாழ்வின் ஒரு மூலையில் நாற்று பிடிக்காமல் திட்டுத் திட்டாக வெற்றிடம் விழுந்தது. தேங்கிய நீர் நாள்கணக்கில் தெளியாமல் கலங்கலாகவே நின்றது. உவர், களர் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம். ஆனால் செய்ய வேண்டியவை வேறு. உவர் மண்ணில் கரையும் உப்பு மிகுதி. நல்ல நீரை நிறுத்தி வடித்தால் குறையும். களர் மண்ணில் களித்துகள்களோடு சோடியம் ஒட்டிக்கொண்டு, மண் கட்டுக்குலைந்து, துளைகள் அடைபடுகின்றன. அதில் வெறும் நீரை நிறுத்தினால் நீர் இறங்கவே இறங்காது. வீட்டில் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கண்ணாடி டம்ளரில் மழைநீரை எடுத்து, பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக அடியில் இறக்கிவிட்டு, அசைக்காமல் விட்டுவிடுங்கள். நல்ல மண்கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாகவே இருக்கும். களர் மண்கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு மேகம் படர்ந்து, மறுநாள் வரை அடங்காது. அதில் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கினால் துகள்கள் திரண்டு கீழே படிந்து நீர் தெளியும். எங்கள் வீட்டுத் திண்ணையில் நடுநிலத்து மண்ணையும் மூலை மண்ணையும் இரண்டு டம்ளர்களில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியபோது, ஜிப்சத்துக்குச் செலவு செய்யத் தயங்கிய என் தந்தையார் உடனே ஒப்புக்கொண்டார்.

அளவைப் பரிசோதனை நிலையம்தான் சொல்ல வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேலும், ஒட்டியுள்ள சோடியம் 15 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் களர். மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் உவர். ஆனால் இந்த 4 என்பது மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றில் பார்க்கும் அளவு. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளந்தால் எண் குறைவாகத்தான் வரும் என்பதால், எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சீர்திருத்தத்தில் வரிசை முக்கியம்: முதலில் வடிகால், பிறகு நிலத்தைச் சமன்செய்வது, அதன்பின் ஜிப்சம் தூவி மேலாக உழுது, நல்ல நீரை நிறுத்திக் கலக்கி வடிப்பது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். பெயர்ந்த சோடியம் வெளியேற வழியில்லாவிட்டால் அது மண்ணிலேயே தங்கிவிடும். வடிகால் இல்லாமல் போடும் ஜிப்சம் வீண் செலவு. அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது, முதல் சில ஆண்டுகளுக்குக் களரைத் தாங்கும் திருச்சி 3 போன்ற நெல் ரகங்களை நடலாம். களர் மூலையில் மட்டும் நெல்லை நான் விருப்பத்தோடு நடுகிறேன். நீர் நிறுத்துவது அங்கே சீர்திருத்தத்தின் பகுதி.

சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் பிரச்சினை வேறு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது; கடலையும் மஞ்சளும் நரம்பு மட்டும் பச்சையாக வெளிறும். அன்னபேதிக் (இரும்பு சல்பேட்) கரைசலை இலைவழியாகத் தெளித்தால் நிறம் திரும்பும். தண்ணீர் கூடினால் வெளிறலும் கூடும் என்பதால், அங்கே பாசனத்தைச் சற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

மேல்கோடிச் சரளையை மாற்ற முடியாது என்றாலும், நீர் பிடிக்கும் திறனைக் கூட்ட முடிகிறது. ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கும் ஆண்டுகளில் ஏக்கருக்கு 40 டன் அளவுக்கு வண்டலும் தொழுவுரமும் சேர்த்தோம். வண்டலையும் டம்ளரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். களர் வண்டலைக் கொண்டுவந்து நல்ல நிலத்தில் கொட்டிவிடக் கூடாது. நடுநிலத்தில் தொடர்ந்து டிராக்டர் ஓட்டியதால் கொத்து ஆழத்துக்குக் கீழே இறுகிய அடுக்கை, மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுகிறோம். ஈரத்தில் கீறினால் இறுக்கம் உடையாது, குழைந்து மேலும் அடையும்.

இப்போது மேல்கோடி முழுவதும் சொட்டுநீரில் இருக்கிறது. செம்மண்ணில் சொட்டும் நீர் அகலமாகப் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். கருமண்ணில் அகலமாகப் பரவும். எனவே சரளை நிலத்தில் சொட்டுவான்களை நெருக்கமாக வைத்து, நாள்தோறும் குறைந்த நேரம் விடுகிறோம். வாய்க்கால் நீர் இல்லாத மாதங்களில் சொட்டுநீருக்கு ஆழ்துளைக் கிணறுதான் ஆதாரம். பவானி ஆற்று நீர் நல்ல நீர். ஆழ்துளை நீர் அப்படி இல்லை. கொங்குப் பகுதியின் பாறையடி நீரில் பைகார்பனேட்டும் சோடியமும் மிகுந்திருப்பது வழக்கம். எஞ்சிய சோடியம் கார்பனேட் (கால்சியம், மெக்னீசியத்துக்கு ஈடானது போக நீரில் மிஞ்சும் கார்பனேட், பைகார்பனேட்) அளவு லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்டுக்குள் இருந்தால் கவலையில்லை, 2.5-ஐத் தாண்டினால் அந்த நீரே சில ஆண்டுகளில் நல்ல மண்ணைக் களராக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், தொட்டியில் ஜிப்சக் கட்டிகளைப் போட்டு அதன் வழியாக நீரைப் பாய்ச்சுவதும், வாய்க்கால் நீர் வரும்போது ஒரு முறை நன்றாக வடியவிடுவதும் உதவுகின்றன. நீரின் தன்மை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், வாய்க்கால் ஓடும்போது ஒரு மாதிரியும், ஏப்ரல் கடைசியில் கிணறு இறங்கிய நிலையில் ஒரு மாதிரியும் எடுத்து அனுப்புகிறேன். எந்தப் பயிர், எவ்வளவு ஜிப்சம் என்பதை ஏப்ரல் மாதிரியின் எண்களை வைத்தே முடிவு செய்கிறேன்.